மூச்சுப் பயிற்சி எதற்காக, எதுவரை? பிராணாயாமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் மூச்சுப் பயிற்சிக்குப் பஞ்சமில்லை. சமூக மன்ற வகுப்பு, கோயில் மண்டப வகுப்பு, புளோக்கின் கீழ்த்தளத்தில் விடியற்காலை கூடும் மூத்தோர் குழு, கைப்பேசியில் ஓடும் காணொளி என்று ஆளுக்கொரு வழி இருக்கிறது. எங்கள் ஞாயிறு வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும்போது வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. பல ஆண்டுகளாகக் கற்றும் கற்பித்தும் வருகிற ஒருவன். உடல்நலம் தொடர்பான பதில்களை உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பின்பற்றுங்கள்.

பிராணாயாமம் உண்மையில் எதற்காக? மன அழுத்தம் குறையவா, முக்தி அடையவா?

பழைய நூல்கள் மன அழுத்தத்தைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. பதஞ்சலியின் யோக சூத்திரம் எட்டு உறுப்புகளைச் சொல்கிறது: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. மூச்சு வருவது நான்காவது இடத்தில். பிறரைத் துன்புறுத்தாமை, பொய்யாமை, கள்ளாமை, தூய்மை, உள்ளது போதும் என்ற மனம் எல்லாம் அதற்கு முன்னால். அடுத்தது அசையாமல் சுகமாக உட்காரும் ஆசனம். அது கைகூடிய பிறகே மூச்சின் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துவது என்று இரண்டாம் பாதத்தின் 49ஆம் சூத்திரம் வரிசையைக் கட்டிவிடுகிறது.

பலனையும் அவர் இரண்டே சூத்திரங்களில் முடித்துக்கொள்கிறார். உள்ளொளியை மறைக்கும் திரை மெலிகிறது; மனம் ஒன்றில் நிலைத்து நிற்கும் தகுதியைப் பெறுகிறது. அதற்கு மேல் எதையும் மூச்சின் கணக்கில் அவர் எழுதவில்லை. ஆகவே பதஞ்சலியிடம் கேட்டால் முக்தி என்று சொல்லமாட்டார், தியானத்துக்கு ஆயத்தம் என்பார்.

ஹடயோகமும் நம் சித்தர் மரபும் இதைவிட ஆழமாக மூச்சுக்குள் போயின. இடகலை, பிங்கலை என்ற இரு நாடிகளில் ஓடும் காற்றை நடுவிலுள்ள சுழுமுனையில் செலுத்தினால் முதுகுத்தண்டின் அடியிலுள்ள மூலாதாரத்தில் உறங்கும் குண்டலினி என்ற சக்தி விழிக்கும், எமனை வெல்லலாம் என்பது அவர்களுடைய வாக்கு. அங்கேயும் உடம்பைப் பேணுவது கடவுளை அறிவதற்கான வழியாகத்தான் வருகிறது. நீண்ட ஆயுள் மட்டுமே இலக்கு என்றால் திருமூலர் மூவாயிரம் பாட்டுப் பாடியிருக்க வேண்டியதில்லை.

இரத்த அழுத்தம் குறைந்தது, தூக்கம் நன்றாக வருகிறது என்று நீங்கள் சொன்னால் எனக்கும் மகிழ்ச்சிதான். அதற்காக மட்டுமே பயில்வதிலும் குற்றமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நலத்துக்காகப் பயில்கிறவருக்குக் கடுமையான பயிற்சிகள் தேவையே இல்லை. ஆபத்துகளில் பெரும்பாலானவை அந்தக் கடுமையான பயிற்சிகளில்தான் இருக்கின்றன.

திருமூலரே 16, 64, 32 என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். அப்படியே செய்தால் என்ன?

வகுப்பில் மாதம் ஒருவராவது கேட்கிறார்; கேட்பவர் பெரும்பாலும் தமிழ் நன்றாகப் படித்தவராக இருப்பார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அந்தப் பாடல் இருப்பது உண்மை. இடப்பக்கமாக இழுக்கும் பூரகத்துக்குப் பதினாறு, நிறுத்தும் கும்பகத்துக்கு அறுபத்து நான்கு, விடும் இரேசகத்துக்கு முப்பத்திரண்டு. கூட்டினால் 112. இந்த எண்கள் மாத்திரை என்ற கால அளவைக் குறிப்பவை. மாத்திரையை ஒரு வினாடி என்று வைத்தால் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும்; அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சு உள்ளேயே நிற்கும். மாத்திரை என்பதைக் கண்ணிமைக்கும் நேரமாகக் கொண்டால் கணக்கு வெகுவாகச் சுருங்கிவிடும். ஆக, எந்தக் கடிகாரத்தை வைத்து எண்ணுவது என்பதே முதல் சிக்கல்.

இரண்டாவது, அந்தப் பாடல் தனியாக நிற்கவில்லை. அதே தந்திரத்தில் இயமமும் நியமமும் ஆசனமும் அதற்கு முன்பே வந்துவிடுகின்றன. காற்றைப் பிடிக்கும் கணக்கை அறிந்தவர்கள் இல்லையே என்று திருமூலரே அதே பகுதியில் அங்கலாய்க்கிறார். அவர் காலத்திலேயே ஆள் கிடைக்கவில்லை என்றால், பாய லேபாரில் வேலை முடிந்து எம்ஆர்டியில் தொங்கிக்கொண்டு வீடு திரும்பும் நமக்கு அது எடுத்த எடுப்பில் கைகூடும் என்று நினைப்பது கொஞ்சம் அதிகம்.

மூன்றாவது, நீண்ட கும்பகத்தோடு மூலபந்தம், உட்டியாணபந்தம், ஜாலந்தரபந்தம் என்ற மூன்று கட்டுகளையும் ஹடயோக நூல்கள் சேர்த்தே சொல்கின்றன. காணொளிகளில் எண்ணிக்கை மட்டும் வரும், கட்டுகள் வருவதில்லை.

எங்கள் வகுப்பில் கும்பகத்தை எடுத்துவிட்டு, மிச்ச விகிதத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம். உள்ளே இழுப்பதைப் போல இரண்டு மடங்கு நேரம் வெளியே விட வேண்டும். நான்கு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஐந்து மூச்சு. எட்டு கடினமாக இருந்தால் ஆறு போதும்.

மூச்சு அடங்கினால் மனமும் அடங்கிவிடுமா?

அந்த நேரத்துக்கு அடங்கும். மூச்சு அசைந்தால் மனமும் அசையும், மூச்சு நின்றால் மனமும் நிற்கும் என்று ஹடயோகப் பிரதீபிகை இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே சொல்கிறது. கண்ணை மூடிப் பத்து நிமிடம் மெதுவாக மூச்சுவிட்டுப் பார்த்த எவரும் இதை ஒப்புக்கொள்வார்.

கண்ணைத் திறந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு இரமண மகரிஷி ‘நான் யார்?’ நூலில் விடை சொல்லியிருக்கிறார். பிராணன் அடங்கியிருக்கும்வரை மனமும் அடங்கியிருக்கும். பிராணன் வெளிப்படும்போது மனமும் வெளிப்பட்டு, வாசனைகள் எனப்படும் பழைய மனப்பதிவுகளின் வசப்பட்டு அலையும். பிராணாயாமம் மனத்தை அடக்க உதவும், அழிக்காது என்பது அவர் தீர்ப்பு.

இதில் புத்தரின் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஞானம் பெறுவதற்கு முன் அவர் மூச்சை முழுவதுமாக நிறுத்தும் தியானத்தைக் கடுமையாகச் செய்தார் என்று பாலி மொழியின் மஜ்ஜிம நிகாயம் விவரிக்கிறது. வாயையும் மூக்கையும் அடைத்ததும் காதுகளில் காற்று இரைந்தது. தலையில் பொறுக்க முடியாத வலி. இது வழியன்று என்று விட்டுவிட்டார். பிறகு அவர் கற்பித்த ஆனாபானசதி, மூச்சைத் தொந்தரவு செய்யாமல் வருவதையும் போவதையும் கவனிக்கச் சொல்கிறது. ஆபத்து மிகக் குறைந்த மூச்சுத் தியானம் எது என்று கேட்டால் நான் கைகாட்டுவது இதைத்தான்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

ஓய்வாக இருக்கும்போது பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார். நம் நூல்கள் நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்கின்றன. வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்குச் சரியாக 15. எண்ணத் தெரிந்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள்.

இந்த வேகம் நிமிடத்துக்கு ஆறு அளவுக்குக் குறையும்போது இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் மூச்சோடு சேர்ந்து ஒரே தாளத்தில் ஏறி இறங்கத் தொடங்குகின்றன. இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயல் வலுப்பெறுகிறது. மூச்சை விடும்போது வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயம் சற்று மெதுவாகிறது. வெளிமூச்சை நீட்டச் சொல்வதற்குக் காரணம் இதுதான். 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த இத்தாலிய ஆய்வு ஒன்று, இலத்தீனில் ஜெபமாலை சொன்னவர்களுக்கும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரம் சொன்னவர்களுக்கும் மூச்சு ஒன்றுபோல நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்ததைக் காட்டியது.  பாட்டி சொன்ன தோத்திரமும் இதே வேலையைச் செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வேகமாகச் செய்யும்போது விரல்கள் மரக்கின்றன, தலை லேசாகிறது, உதடு கூசுகிறது. குண்டலினி எழுகிறதா?

இல்லை. கரியமில வாயு குறைகிறது.

சென்ற ஆண்டு முப்பது வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவர் வகுப்பில் சேர்ந்தார். துருத்திபோல வேகமாக மூச்சை இழுத்து ஊதும் பஸ்திரிகாவைக் காணொளி பார்த்து வீட்டில் பழகியவர். நாங்கள் மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மெதுவாக மூச்சுவிடும் நாடிசுத்தி செய்துகொண்டிருக்க, அவர் பாட்டுக்கு மூலையில் புஸ்புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது இரு மணிக்கட்டுகளும் மடங்கியிருந்தன. நான்கு விரல்களும் விறைத்து நீண்டு ஒன்றோடொன்று ஒட்டியிருக்க, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போயிருந்தது. பயப்பட வேண்டியவர் முகத்தில் பரவசம். “அண்ணே, முத்திரை தானாகவே வருகிறது!” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடி மூக்கால் மெதுவாக விடச் சொன்னேன். சில நிமிடங்களில் முத்திரை கலைந்தது. அவருக்குச் சற்று ஏமாற்றம்.

நடந்தது இதுதான். தேவைக்கு மேல் வேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. அதனால் இரத்தத்தில் கட்டுப்படாமல் மிதக்கும் கால்சியம் குறைந்து, நரம்புகள் தாமாகத் துடிக்கின்றன. விரல் மரப்பதும் உதடு கூசுவதும் கை இழுத்துக்கொள்வதும் அதன் விளைவு. அதே நேரத்தில் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் தலை லேசாகிறது, காட்சி மங்குகிறது, சிலர் மயங்கி விழுகிறார்கள். இந்த மயக்க விளிம்பில் மனம் விநோதமான நிலைகளைக் காட்டும். அழுகை வரலாம், ஒளி தெரியலாம். அதையெல்லாம் அனுபவம் அல்ல என்று நான் சொல்லவில்லை. ஆன்மிக முன்னேற்றத்தின் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வைத்தியம் வேண்டாம். படபடப்புக்குக் காரணம் இதயமோ ஆஸ்துமாவோ என்றால் அது ஆபத்தாக முடியும்.

அப்படியானால் கபாலபாதியும் பஸ்திரிகாவும் கூடவே கூடாதா?

ஆரோக்கியமானவர், ஆசிரியர் முன்னிலையில், வெறும் வயிற்றில், சிறு சுற்றுகளாகச் செய்யலாம். ஒரு தகவல்: மூச்சை விட்டுவிட்டு வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியை ஹடயோகப் பிரதீபிகை பிராணாயாமத்தில் சேர்க்கவே இல்லை, நேதி, தௌதி போன்ற ஆறு சுத்திகரிப்புக் கிரியைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. மூச்சுப்பாதையைத் துடைக்கும் வேலை அதனுடையது. துடைப்பதையே நாள் முழுவதும் செய்வதில் பொருளில்லை.

பலவந்தமாக ஊதினால் நுரையீரலே காயப்படலாம். கபாலபாதி செய்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கியதை ‘செஸ்ட்’ என்ற மருத்துவ இதழ் 2004இல் பதிவு செய்தது. இது அரிது; ஆனால் அவர் நோயாளி அல்லர் என்பதால் சொல்கிறேன்.

சிங்கம், யானை, புலி ஆகியவற்றைப் படிப்படியாகப் பழக்குவதைப்போல மூச்சையும் பழக்க வேண்டும், தவறினால் அது பழக்குகிறவனையே கொல்லும் என்கிறது அதே பிரதீபிகை. முறையாகச் செய்தால் நோயெல்லாம் தீரும், முறைதவறினால் நோயெல்லாம் வரும் என்று சொல்லி, விக்கல், இளைப்பு, இருமல், தலைவலி, காதுவலி, கண்வலி என்று பட்டியலும் போடுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் எழுதியவர் பக்கவிளைவுகளை மறைக்கவில்லை. விளம்பரம் எழுதுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எனக்கு 62 வயது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. நான் சேரலாமா?

தாராளமாக வாருங்கள் ஐயா. மெதுவான மூச்சு உங்களுக்கு நல்லது. மூச்சை அடக்குவதும் வேகமாக ஊதுவதும் வேண்டாம். அடக்கி முக்கும்போது இரத்த அழுத்தமும் கண்ணின் உள் அழுத்தமும் ஒரேயடியாக ஏறுகின்றன. கண்ணின் பின்புறம் நுண்ணிய இரத்தக்குழாய்கள் வெடிப்பதும் உண்டு. கண் அழுத்த நோய், விழித்திரைப் பிரச்சினை, இதய நோய், குடலிறக்கம், வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இதே விதி.

சர்க்கரைக்கு வருவோம். விடியற்காலையில் வெறும் வயிற்றில் பயிலச் சொல்வது மரபு. இன்சுலின் போட்டுக்கொள்கிறவரோ கிளிக்கிளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவரோ மருந்தை எடுத்துக்கொண்டு, பசியாறாமல் வந்து உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வையும் நடுக்கமும் தலைசுற்றலும் வரும்போது பக்கத்தில் இருப்பவர் ‘சக்தி ஏறுகிறது’ என்பார். மாலையில் பயிலுங்கள், அல்லது மருந்து நேரத்தை உங்கள் பலதுறை மருந்தகத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும்.

மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அடுத்த கேள்வி வரும். மருத்துவர் குறைத்தால் குறையுங்கள். மூச்சு ஆசிரியர் குறைக்கச் சொன்னால் ஆசிரியரை மாற்றுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள்?

மெதுவான மூச்சு பலருக்கு ஆறுதல் தருகிறது. நீலநிற இன்ஹேலரை விரிப்பின் ஓரத்திலேயே வைத்துக்கொண்டு பயிலுங்கள். இளைப்பு வந்த நேரத்தில் பிராணாயாமம் செய்து சமாளிக்கப் பார்க்காதீர்கள். அது மருந்துக்கான நேரம்.

இந்தப் பயிற்சியால் மனநிலை பாதிக்கப்படும் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலோருக்கு இல்லை. சிலருக்கு உண்டு. அதைப் பேசத் தயங்குவதால்தான் சிக்கல் முற்றுகிறது.

பீதித் தாக்குதல் வரும் வழக்கமுள்ளவருக்கு வேகமான மூச்சு அதே தாக்குதலைக் கொண்டுவரும். மூச்சைக் கவனிப்பதுகூடச் சிலருக்கு மூச்சுமுட்டலாக மாறுகிறது. அப்படிப்பட்டவர் கண்ணைத் திறந்தபடி நடந்துகொண்டே மந்திரம் சொல்லலாம். மனச்சிதைவு, இருதுருவ மனநோய் வந்தவர்கள், குடும்பத்தில் அந்த நோய் உள்ளவர்கள் ஆகியோர் தீவிர மூச்சுப் பயிற்சிகளையும் பல நாள் மௌன முகாம்களையும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மரபுக்கும் இது தெரியும். காஷ்மீரைச் சேர்ந்த கோபி கிருஷ்ணா 1937இல் தியானத்தில் குண்டலினி எழுந்ததாக உணர்ந்து, பின்னர் நீண்ட காலம் உறக்கமின்மையும் உடல் எரிச்சலும் மனக்குழப்பமுமாகத் தவித்ததைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் சீகோங் என்ற மூச்சுப் பயிற்சி செய்யும் சீன அண்டைவீட்டாரைக் கேளுங்கள். முறைதவறிப் பயின்றால் மனம் பிறழும் என்ற எச்சரிக்கை அவர்களிடமும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட நோய்க் கையேட்டின் நான்காம் பதிப்பு, சீகோங்கால் வரும் மனப் பிறழ்வைப் பண்பாட்டோடு இணைந்த பாதிப்புகளின் பட்டியலில் சேர்த்தது.

தொடர்ந்து சில இரவுகள் தூக்கமே இல்லை, ஆனாலும் களைப்பில்லை. தனக்கு மட்டும் ஏதோ கட்டளை வருகிறது. பேச்சின் வேகம் கூடுகிறது. வீட்டில் ஒருவரிடம் இவற்றைக் கண்டால் பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி தேடுங்கள். மனநலக் கழகத்தின் 24 மணி நேரத் தொலைபேசி எண் 6389 2222. ‘சாமி வந்திருக்கிறது’ என்று ஒருவரும் ‘பைத்தியம்’ என்று இன்னொருவரும் கூடத்தில் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆன்மிக விளக்கம் எதுவாக இருந்தாலும், தூங்காத மூளைக்கு முதலில் தூக்கம் வேண்டும்.

பிரம்ம முகூர்த்தத்தில் செய்ய வேண்டும் என்பதற்காக நான்கு மணிக்கு எழுகிறேன். பகலில் தூங்கி வழிகிறேன்.

கொஞ்சம் கூடுதலாகத் தூங்குங்கள் அக்கா, கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது. பிரம்ம முகூர்த்தம் சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் நீடிப்பது. சிங்கப்பூரில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே உதிக்கிறது. நவம்பரில் சற்று முந்தி, பிப்ரவரியில் சற்றுப் பிந்தி. ஆகவே நமக்கு அது தோராயமாக 5.24 முதல் 6.12 வரை. 1982 தொடக்கத்தில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதால், சூரியனின் கணக்கைவிட நம் கடிகாரம் ஒரு மணி நேரம்போல முன்னால் ஓடுகிறது. ஊரில் அச்சான புத்தகத்தைப் பார்த்து நான்கு மணிக்கு அலாரம் வைப்பது சாத்திரப்படியும் சரியில்லை.

கேரண்ட சம்ஹிதை என்ற பழைய ஹடயோக நூல் வசந்த காலத்திலோ சரத் காலத்திலோ பயிற்சியைத் தொடங்கச் சொல்கிறது. மழை, அதைவிட அதிக மழை என்று இரண்டே பருவம் கொண்ட நம் தீவில் இதை எப்படிக் கடைப்பிடிப்பது என்று என்னிடம் கேட்காதீர்கள். இரவுப் பணி செய்கிறவர்கள் தூங்கி எழுந்த பிறகு எந்த நேரத்திலும் செய்யலாம்.

கூடுதலாக ஒரு வேண்டுகோள். அதிகாலையில் பிராமரி செய்கிறவர்கள் சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். வண்டு ரீங்காரம் உங்களுக்கு நாதம். மேல்மாடிக்காரருக்கு அது பழுதான குளிர்சாதனப் பெட்டி.

புகைமூட்ட நாட்களில்?

காற்றுத் தூய்மைக்கேட்டைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு நூறைத் தாண்டினால் வெளியிடத்தில் ஆழ்மூச்சுப் பயிற்சி வேண்டாம். சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இயல்பான மூச்சைக் கவனியுங்கள். உடனடி முடிவுக்கு ஒரு மணி நேர பிஎம் 2.5 நுண்துகள் அளவைப் பார்ப்பது நல்லது. 2013 ஜூன் 21 அன்று மூன்று மணி நேர பிஎஸ்ஐ 401ஐத் தொட்டது. அதுபோன்ற நாளில் பூங்காவில் உட்கார்ந்து கபாலபாதி செய்தால் சுத்திகரிப்பு தலைகீழாகத்தான் நடக்கும்.

மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு நீருக்கடியில் அதிக நேரம் இருக்க முடிகிறது என்று மகன் பெருமைப்படுகிறான். நல்லதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பைத் தூண்டுவது முக்கியமாகக் கரியமில வாயுதான். வேகமாக மூச்சுவிட்டு அதை வெளியேற்றிவிட்டுத் தண்ணீருக்குள் போனால், தவிப்பு வருவதற்குள் பிராணவாயு தீர்ந்துவிடும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இடுப்பளவு நீரிலேயே இப்படி இறந்திருக்கிறார்கள். கூட்டுரிமை வீட்டின் நீச்சல் குளமோ, பொதுக் குளமோ, குளியல் தொட்டியோ, தண்ணீரில் எந்த மூச்சுப் பயிற்சியும் கூடாது. வாகனம் ஓட்டும்போதும் கூடாது. மகனிடம் இன்றே சொல்லுங்கள்.

மூக்கை நீரால் கழுவும் ஜலநேதிக்குக் குழாய் நீரைப் பயன்படுத்தலாமா? இங்கே குழாய் நீர் சுத்தமானதுதானே?

குடிக்கச் சுத்தமானது. மூக்கு வேறு கதை. வயிற்றில் அமிலம் கொல்லும் நுண்ணுயிர்கள் மூக்கின் உச்சியிலிருந்து மூளைப் பக்கம் போய்விட வாய்ப்புண்டு. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தனர். கொதிக்க வைத்து ஆறிய நீர், அளவாக உப்பு, ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்திய கெண்டி. இதில் சோம்பல் வேண்டாம்.

குரு கட்டாயம் வேண்டுமா? புத்தகம், காணொளி போதாதா?

மெதுவான மூச்சுக்கும் நாடிசுத்திக்கும் நல்ல காணொளி போதும். கும்பகத்துக்கும் பஸ்திரிகாவுக்கும் உங்களை நேரில் பார்க்கிற ஒருவர் வேண்டும். முகம் சிவப்பதும் தோள் ஏறுவதும் உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

புத்தகத்தை நான் இழிவாகப் பேசமாட்டேன். சுவாமி சிவானந்தர் பத்தமடையில் பிறந்து, மருத்துவராக 1913இல் மலாயா வந்து, சிரம்பானிலும் பாலத்துக்கு அக்கரையில் ஜொகூர் பாருவிலும் ஏறத்தாழப் பத்தாண்டு பணியாற்றியவர். இரிஷிகேசம் போய்த் துறவு கொண்ட பின் குடும்பஸ்தர்கள் படித்துப் பயிலட்டும் என்று பிராணாயாமத்தைப் பற்றி அவரே நூல் எழுதினார். நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துப் பழகிய கை எழுதியது என்பதால் எனக்கு அதில் ஒரு நம்பிக்கை.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல் எளியது. முதல் நாளிலேயே உங்கள் நோய்களையும் மருந்துகளையும் கேட்கிறாரா? தலைசுற்றுகிறது என்றால் நிறுத்தச் சொல்கிறாரா, அல்லது ‘கடந்து போங்கள்’ என்கிறாரா? புற்றுநோய் தீரும் என்கிறாரா? அடுத்த நிலைக்குக் கட்டணம், அதற்கடுத்த இரகசிய நிலைக்கு இன்னும் பெரிய கட்டணம் என்று படி ஏறுகிறதா? கடைசி இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம்.

நாங்கள் கிறிஸ்தவர்கள், என் தோழி முஸ்லிம். இதில் கலந்துகொண்டால் மதத்துக்கு மாறானதா?

அதை உங்கள் சமய அறிஞர்தான் சொல்ல வேண்டும். மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 2008இல் மந்திரமும் வழிபாடும் கலந்த யோகத்தை முஸ்லிம்களுக்கு விலக்கியது. பிராணாயாமம் இந்து சமய இலக்கோடு பிறந்தது என்பதை மறைத்து, ‘வெறும் உடற்பயிற்சி’ என்று சொல்லி ஆள் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. மெதுவாக மூச்சுவிடுவதற்கு மதமில்லை; ஜெபமாலையும், இறைவனை நினைத்து ஓதும் திக்ரும் உங்களிடமே இருக்கின்றன.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன். மூச்சுப் பயிற்சி உதவுமா?

அலகு குத்தும்போது நீளமாக வெளிமூச்சு விட்டால் உடல் தளரும். அனுபவசாலிகள் இயல்பாகவே அப்படித்தான் செய்கிறார்கள். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரும்வரை மூச்சை அடக்க வேண்டாம். விரதத்தில் இருக்கும் உடம்புக்கு வெயிலும் நீரிழப்பும் போதும்.

பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாமா?

தொடக்கநிலை இறுதித் தேர்வுக்கு முன் ஐந்து நிமிடம் மெதுவான மூச்சு நல்லது. அடக்குவதும் ஊதுவதும் வேண்டாம்.

ஆன்மிகமாக முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை எண்ணிக்கை அடக்குகிறேன் என்பது அளவு அல்ல. முத்துக்குளிப்பவர்கள் நம்மைவிட அதிகமாக அடக்குவார்கள். தியானத்தில் உட்கார்ந்ததும் மனம் எவ்வளவு விரைவில் அமர்கிறது என்று பாருங்கள். பதஞ்சலி கொடுத்த அளவுகோல் அதுதான். பயிற்சியைப் பற்றி மற்றவர்களிடம் பேசும் ஆசை குறைகிறதா என்றும் பாருங்கள். மற்றபடி, இயமம் நியமம் எப்படி இருக்கிறது என்று உங்களைக் கேட்பதைவிட வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் சரியான தகவல் கிடைக்கும்.

எப்போது பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும்?

தலைசுற்றல், விரல் மரப்பு, படபடப்பு, காதில் இரைச்சல் எது வந்தாலும் எண்ணிக்கையை விட்டுவிட்டு இயல்பாக மூச்சுவிடுங்கள், தேவைப்பட்டால் படுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான், மறுபடி தொடங்க வேண்டாம். ஒருபக்க நெஞ்சில் திடீரெனக் கூர்மையான வலி, ஓய்வெடுத்தும் தீராத மூச்சுத்திணறல், முகமோ கையோ ஒருபுறம் தளர்வது, நினைவு தப்புவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 995ஐ அழையுங்கள். கண்ணில் திடீரெனக் கரும்புள்ளியோ நிழலோ தெரிந்தால் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வகுப்பில் இருக்கும்போது என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் சொல்லுங்கள். மௌனம் கலைந்துவிடுமே என்று யாரும் தயங்க வேண்டாம்.